முதலில் விளையாட்டை எழுது, பிறகு லினக்ஸைத் தேடு

போன வாரம் சித்தி மகள் ஒரு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த லேப்டாப். அண்ணன் வேலைக்குப் போய்விட்டான், லேப்டாப் இவள் கைக்கு வந்துவிட்டது. 4 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க், சார்ஜரைப் பிடுங்கினால் இருபது நிமிடம்கூடத் தாங்காத பேட்டரி. விண்டோஸ் 10 எழுந்து உட்காருவதற்குள் நான் அடுப்பில் பாலை வைத்து இறக்கிவிட்டேன். "எக்கா, இதுல எந்த லினக்ஸ் போடட்டும்? போட்டா கேம் ஓடுமா?" என்று கேட்டாள். அவளுக்குப் பிடித்தது வாளும் மந்திரமும் டிராகனும் வருகிற ஆர்பிஜி விளையாட்டுகள்.

அவளை உட்கார்த்தி வைத்துச் சொன்னதைத்தான் உனக்கும் எழுதுகிறேன், தங்கச்சி. நம் சாத்தான்குளத்திலும் சுற்றுப்பட்டி ஊர்களிலும் இப்படி ஒரு லேப்டாப் பீரோ மேல் கிடக்காத வீடு குறைவு.

முதல் டிப்ஸ், கேள்வியைத் திருப்பிப் போடு. லினக்ஸும் விண்டோஸ் போல ஓர் இயங்குதளம்தான், ஆனால் அதில் பல வகை உண்டு. எந்த லினக்ஸ் என்று தேட ஆரம்பித்தால் நூற்றுக்கணக்கில் வந்து நிற்கும், தலை சுற்றும். முதலில் ஒரு தாளில் நீ விளையாட ஆசைப்படும் விளையாட்டுகளை எழுது. பக்கத்திலேயே உன் லேப்டாப்பின் ராம், பிராசஸர், டிஸ்கில் மிச்சம் இருக்கும் இடம் மூன்றையும் எழுது. "ஸ்கைரிம், விட்சர் 3, பால்டர்ஸ் கேட் 3" என்று அவள் எழுதினாள். பால்டர்ஸ் கேட் 3 ஒன்றுக்கே 150 ஜிபி இடம் வேண்டும். நல்ல கிராபிக்ஸ் கார்டும் வேண்டும். அவள் லேப்டாப்பில் விண்டோஸ் இருந்தாலும் ஓடாது, லினக்ஸ் இருந்தாலும் ஓடாது. இது தெரியாமல் லினக்ஸைப் போட்டுவிட்டு, "லினக்ஸ்ல கேம் ஓடாது" என்று ஊர் முழுக்கச் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குறை மெஷினில் இருக்கும், பழி லினக்ஸ் மேல் விழும்.

ஆர்பிஜி என்றால் என்ன என்று சித்தி கேட்டார்கள். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டுகிறார்களே, அதை வைத்துத்தான் விளக்கினேன். காளி வேஷம் கட்டியவர் விரதம் இருக்கிறார், அந்த வேஷத்துக்கு உரிய கட்டுப்பாட்டோடு நடக்கிறார், ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்குகிறார். குறவன் வேஷத்துக்கு வேறு நடை, வேறு பேச்சு. அது நேர்த்திக்கடன், இது விளையாட்டு. ஆனால் வேறொருவராக நின்று, அவருக்கு உரியபடி முடிவெடுப்பது இரண்டிலும் உண்டு. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று தாள், பென்சில், பகடையோடு தொடங்கி வைத்தது பிறகு கம்ப்யூட்டருக்குள் வந்தது. சித்திக்கு உடனே புரிந்துவிட்டது. "அப்ப சும்மா சுடுற வெளாட்டு இல்ல" என்றார்கள். ஆமாம், நிறைய வாசிக்க வேண்டிய விளையாட்டு.

லினக்ஸ் நம் வீட்டுக்குப் புதிதில்லை

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். டெபியன் என்ற லினக்ஸை அடித்தளமாக வைத்துச் சென்னை சி-டாக் உருவாக்கியது, 2007-ல் வெளிவந்தது. அதற்கும் முன்பே, தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக உமாசங்கர் ஐ.ஏ.எஸ். இருந்தபோது அந்த அலுவலகமே சூசே லினக்ஸுக்கு மாறியது. நம் அரசு செய்து காட்டிய காரியம் இது.

பிறகு என்ன நடந்தது? என் தம்பி லேப்டாப் வாங்கி வந்த மாதமே ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தான். "இந்த பாஸ் எதுக்கு, இடத்த அடைக்கும்" என்று அழித்துவிட்டு, திருட்டு விண்டோஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்தார்கள். கூடவே வைரஸும் வந்தது. திறந்துகூடப் பார்க்காமல் ஒரு நல்ல பொருளை இழந்தோம் என்பது எனக்கு இன்றும் ஆறவில்லை. சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் இல்லாததுதான் காரணம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இப்போது மாற இன்னொரு காரணமும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் முடித்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். அரசு லேப்டாப்புகளில் பழையவை பெரும்பாலும் இந்தக் கோட்டைத் தாண்டாது. மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது, மென்பொருள்தான் கைவிட்டுவிட்டது.

சரி, எதைப் போடுவது?

4 ஜிபி ராம் என்றால் லினக்ஸ் மின்ட், அதிலும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. இதில் நான் இழுக்கவே மாட்டேன். மின்ட்டில் சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று முகம் உண்டு. உள்ளே இருப்பது ஒன்றுதான், மேலே போர்த்தியிருப்பது வேறு. மூன்றில் எக்ஸ்எஃப்சிஇதான் எடை குறைந்தது. கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று விண்டோஸ் பழகிய கைக்கு எதுவும் அந்நியமாக இருக்காது. 2 ஜிபி ராம் இருந்தாலே ஓடும், 4 இருந்தால் நிம்மதி. டிஸ்கில் குறைந்தது 20 ஜிபி, விளையாட்டு வைக்க வேண்டுமென்றால் 100 ஜிபி ஒதுக்கு. 2024-ல் வந்த மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. நீ காலேஜ் முடிக்கும்வரை கவலை இல்லை.

8 ஜிபி இருந்தால் சினமன் போடலாம், பார்க்க அழகாக இருக்கும். 2 ஜிபிதான் என்றால் ஆன்டிஎக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, மிகச் சிறியது, கொஞ்சம் பழக வேண்டும். புத்தம் புது கேமிங் லேப்டாப், தனி கிராபிக்ஸ் கார்டு என்றால் ஃபெடோராவோ, விளையாட்டுக்கென்றே செய்த பசைட்டோ பார்க்கலாம். ஆர்ச் லினக்ஸை யூடியூபில் பார்த்து ஆசைப்படாதே. நல்ல பொருள்தான், ஆனால் முதல் லினக்ஸாக வைத்துக்கொள்ளும் பொருள் இல்லை. கையில் கொஞ்சம் பணம் இருந்தால் ராமைக் கூட்டுவதற்கு முன் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடு. பழைய லேப்டாப்புக்கு அதைவிட நல்ல வைத்தியம் கிடையாது.

தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முடியும். மெனுவில் 'இன்புட் மெத்தட்' என்று தேடித் தமிழைச் சேர்த்துக்கொள், தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். தமிழில் வாசித்துக் கற்க, 2012-லிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றியே எழுதி வரும் கணியம் இதழ் இருக்கிறது. அங்கே எளிய தமிழில் லினக்ஸ் பாடம் இலவசமாகவே உண்டு. விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு வைத்துக் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். நம் பக்கம் அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் ஆசை.

பென் டிரைவில் ஓட்டிப் பார்

மின்ட் கோப்பு மூன்று ஜிபியை ஒட்டி வரும். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி நெட் பேக்கில் அது இறங்காது. பிராட்பேண்ட் இருக்கிற வீட்டில் கேள், அல்லது ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் நகல் வாங்கு. இதில் திருட்டு எதுவும் இல்லை. நகல் எடுத்துக் கொடுக்கும் உரிமை அதன் உரிமத்திலேயே இருக்கிறது. என்னிடம் ஒரு பென் டிரைவ் இருக்கிறது, அது இதுவரை எத்தனை கை மாறியது என்று எனக்கே தெரியாது.

8 ஜிபி பென் டிரைவ் போதும். கோப்பை அதில் அப்படியே காப்பி செய்தால் வேலைக்கு ஆகாது. ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற சின்ன மென்பொருளால் எழுத வேண்டும். பென் டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் போய்விடும், கல்யாண போட்டோ இருக்கிறதா பார்த்துக்கொள். பிறகு லேப்டாப்பை அணைத்து, பென் டிரைவைச் செருகி, ஆன் செய்ததும் எஃப்12-ஐ விடாமல் தட்டு. லெனோவோ, டெல் இரண்டிலும் பெரும்பாலும் அதுதான். ஏசரில் முதலில் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய் எஃப்12 மெனுவை இயக்க வேண்டியிருக்கும். ஹெச்.பி.யில் எஃப்9. வரும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடு.

இப்போது எதையும் அழிக்காமலே மின்ட் பென் டிரைவிலிருந்து ஓடும். கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவு செய்யாதே. வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா, வெளிச்சம் கூட்டிக் குறைக்க முடிகிறதா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று நான்கையும் பார். இரண்டு நாள் இப்படியே ஓட்டு. எல்லாம் சரி என்றால் மட்டும் நிறுவு.

நிறுவும்போது ஒரு திரை வரும். விண்டோஸோடு சேர்த்து வைக்கவா, டிஸ்க் முழுவதையும் அழித்து வைக்கவா என்று கேட்கும். அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு இரண்டு தடவை வாசி. முதல் தடவை நான் அவசரத்தில் அழிப்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். அப்பா உடன்குடிக் கருப்பட்டி வியாபாரத்துக்கு நான்கு வருடமாக எழுதி வைத்த கணக்கு அதோடு போயிற்று. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை, நோட்டுப் புத்தகத்தை எடுத்து மறுபடி முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார். எதைச் செய்வதற்கு முன்பும் போட்டோ, சான்றிதழ், கணக்கு எல்லாவற்றையும் வேறொரு டிரைவில் நகல் எடுத்துவிடு. நிறுவிய அன்றே மின்ட்டில் இருக்கும் டைம்ஷிஃப்டைத் திறந்து ஒரு பதிவு எடுத்து வை. பின்னால் ஏதாவது அப்டேட்டில் கோளாறு வந்தால் அந்த நாளுக்கே திரும்பிவிடலாம்.

இனி விளையாட்டு

நான் முதலில் போடச் சொல்வது 'பேட்டில் ஃபார் வெஸ்நாத்'. டேவிட் வைட் என்பவர் 2003-ல் தொடங்கியது. இன்றுவரை உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். மின்ட்டின் சாஃப்ட்வேர் மேனேஜரைத் திறந்து பெயரைத் தேடி இன்ஸ்டாலை அழுத்தினால் வந்துவிடும். பணம் கிடையாது, விளம்பரம் கிடையாது, "வைரம் வாங்கு" என்று காசு பிடுங்கும் பெட்டி எதுவும் கிடையாது. கிராபிக்ஸ் கார்டும் வேண்டாம்.

கறாராகப் பார்த்தால் அது முறை வைத்து ஆடும் போர் விளையாட்டு. ஆனால் ஆர்பிஜியின் உயிர் அதில் இருக்கிறது, உன் வீரர்கள் அனுபவம் சேர்த்து வளர்வார்கள். தேன்கூட்டு அறைபோல அறுகோணக் கட்டங்கள். காட்டுக்குள் நிற்கும் எல்ஃப் வீரன் மேல் எதிரியின் அடி பத்தில் மூன்று நான்குதான் படும். அதே எல்ஃபை வெட்டவெளிப் புல்லில் நிறுத்தினால் ஆறு படும். பகல் இரவு மாறி மாறி வரும். மனிதப் படைக்குப் பகலில் கால் பங்கு பலம் கூடும், இரவில் கால் பங்கு குறையும். பேய்ப்படைக்கு அது தலைகீழ். ஆகவே மாலை மங்கும்போது முன்னேறாமல் பின்வாங்கி, விடியும் நேரத்தில் அடிக்க வேண்டும். எலும்புக்கூடு வந்தால் வாளை நம்பாதே, வெட்டு அதன்மேல் சரியாக ஏறாது. நெருப்பு வீசும் மந்திரவாதியையோ, தடியால் அடிப்பவனையோ அனுப்பு. அந்த மந்திரவாதி போதிய அனுபவம் சேர்த்ததும் ஒரு கேள்வி வரும்: காயம் ஆற்றும் வெள்ளை மந்திரவாதியாக்கவா, நெருப்பில் தேர்ந்த சிவப்பு மந்திரவாதியாக்கவா? சித்தி மகள் அந்த இடத்தில் பத்து நிமிடம் யோசித்தாள். கடைசியில் வெள்ளையைத் தேர்ந்தெடுத்தாள். அடுத்த போரில் அந்த ஒருத்தி பின்னால் நின்று மூன்று பேரைப் பிழைக்க வைத்தாள். பிழைத்தவர்களை அடுத்த களத்துக்கும் அழைத்துக்கொள்ளலாம். செத்தவர் செத்தவர்தான்.

முதலில் டுடோரியல், அடுத்து 'எ டேல் ஆஃப் டூ பிரதர்ஸ்'. ஒருவன் குதிரை வீரன், ஒருவன் மந்திரவாதி, அண்ணன் தம்பி கதை. நான்கே களம், நான்கைந்து நாள் சாயங்காலத்தில் முடியும். கரண்ட் போகும் ஊர் நமக்கு, பேட்டரியும் செத்தது. வெஸ்நாத் ஒவ்வொரு சுற்றிலும் தானே சேமித்துவிடும், கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

மவுஸால் தட்டித் தட்டிச் சண்டை போடப் பிடிக்கும் என்றால் ஃப்ளேர். மெஷின் ரொம்பவே கிழடு என்றால் நெட்ஹேக். 1987-ல் வந்தது, எழுத்துகளாலேயே வரைந்த குகை, எதிலும் ஓடும். ஒரு தடவை செத்தால் முதலிலிருந்துதான், பொறுமை வேண்டும். பரந்த உலகம் வேண்டுமா, 'டேகர்ஃபால்' பார். 1996-ல் பெதஸ்டா வெளியிட்டது, 2009-ல் அவர்களே இலவசமாக்கினார்கள். ரசிகர்கள் அதை டேகர்ஃபால் யூனிட்டி என்று இன்றைய மெஷினுக்கு ஏற்றாற்போல் மறுபடி கட்டியிருக்கிறார்கள், லினக்ஸிலும் ஓடும். ஆனால் இலவசம் வேறு, கட்டற்றது வேறு. டேகர்ஃபாலுக்குக் காசு கேட்கவில்லை, அவ்வளவுதான். வெஸ்நாத்துக்கோ மூல நிரலே உன் கையில் இருக்கிறது. நீ திறந்து பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் கொடுக்கலாம்.

காசு கொடுத்து ஒன்று வாங்கலாம் என்றால் 'அன்ரெஸ்ட்' வாங்கு. பைரோடாக்டில் என்ற இந்திய ஸ்டுடியோ 2014-ல் செய்தது, லினக்ஸ் பதிப்பும் வந்தது. பழைய இந்தியாவைப் போன்ற ஒரு கற்பனை நாடு, மழை பொய்த்த நகரம், பசியில் குமுறும் சனம். நீ இளவரசியாகவும் வருவாய், எளிய வீட்டுப் பெண்ணாகவும் வருவாய். வாளைவிடப் பேச்சால் தீர்க்க வேண்டியதுதான் அதிகம். நம் பக்கத்துக் கருமேனியாறு வறண்டு கிடப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, தாமிரபரணி உபரி நீர் நம் செம்மணல் தேரிக்குள் வருமா என்று வருடக்கணக்கில் காத்திருந்த நமக்கு, அந்தக் கதை தொலைவில் இருக்கும் கதை இல்லை.

விண்டோஸுக்கென்று வந்த விளையாட்டுகளும் இன்று லினக்ஸில் ஓடும். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018-ல் புரோட்டான் என்ற மொழிபெயர்ப்பு அடுக்கைக் கொண்டுவந்தது, அவர்களுடைய ஸ்டீம் டெக் விளையாட்டுக் கருவியே லினக்ஸில்தான் இயங்குகிறது. வாங்குவதற்கு முன் புரோட்டான்டிபி தளத்தில் பெயரைப் போட்டுப் பார். பிளாட்டினம், கோல்டு என்றால் வாங்கு. 'போர்க்டு' என்றால் விட்டுவிடு. வேலோரன்ட் போல ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளோடு வரும் சில ஆன்லைன் விளையாட்டுகள் லினக்ஸை உள்ளேயே விடாது. உன் பட்டியலில் அதுதான் முதலிடம் என்றால் விண்டோஸை அழிக்காதே, இரண்டையும் சேர்த்து வை. இன்டெல் ஆறாம் தலைமுறைக்கு முந்தைய லேப்டாப்பில் புரோட்டானை எதிர்பார்க்காதே, அதற்கு வேண்டிய வல்கன் வசதி அந்த கிராபிக்ஸில் முழுதாக இருக்காது. பழைய லேப்டாப்புக்கு லினக்ஸிலேயே பிறந்த விளையாட்டுகள்தான் பொருத்தம்.

யாராவது பென் டிரைவில் "கிராக்" போட்ட விளையாட்டு கொடுத்தால் வாங்காதே. உன் லேப்டாப்பில்தான் அம்மாவின் வங்கி விவரமும் உன் ஸ்காலர்ஷிப் விண்ணப்பமும் இருக்கின்றன. ஆங்கில வசனங்களைத் தாண்டித் தட்டிக்கொண்டே போகாதே, புரியாத சொல்லை ஒரு நோட்டில் எழுது. என் தம்பியின் ஆங்கிலம் பாதி இப்படி வந்ததுதான். வெஸ்நாத்தின் வசனங்களைப் பல மொழிகளில் பெயர்த்துத் தருவது தன்னார்வலர்கள்தான். தமிழ் நன்றாக எழுத வருமென்றால் நீயும் அதில் சேரலாம், நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

சித்தி மகளின் லேப்டாப்பில் இப்போது மின்ட் இருக்கிறது, முன்பைவிடச் சட்டென்று எழுகிறது. முன்பு எழுதிய பட்டியலில் மூன்று பெயரை அடித்துவிட்டு வேறு நான்கு எழுதியிருக்கிறாள். உன் வீட்டு பீரோ மேலும் ஒன்று கிடந்தால், பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் இந்த ஞாயிற்றுக்கிழமை சார்ஜரில் போட்டு, பென் டிரைவைச் செருகி எஃப்12-ஐத் தட்டிப் பார்.